ஐந்தாவது ஊக்கு

அந்தத் திங்கட்கிழமை காலையில் என் தாலிச் சங்கிலியில் எத்தனை ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன? நான்கா, ஐந்தா?

இரண்டு மாதம் ஆகப்போகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை. துணி காயப்போடும்போதோ, மகளுக்குச் சோறு பிசையும்போதோ அந்தக் கேள்வி திடீரென்று வந்து நிற்கும். கை தானாகக் கழுத்துக்குப் போகும். நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். ஐந்துவரை எண்ணத் தெரியாமல் போனது என்னை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. எங்களோடு ஒரு பூனையும் உண்டு. குருசுக்குப்பத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் மீன் கூடைக்குப் பக்கத்திலேயே ஒரு சாம்பல் குட்டியையும் வைத்து எடுத்து வந்தார். "தாய்ப்பூனை வண்டியில அடிபட்டு செத்துப்போச்சி. கொழந்தைக்கு வெளையாட வச்சிக்கோ" என்றார். பிறாண்டுமோ, முடி உதிர்ந்து குழந்தைக்கு இளைப்பு வருமோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மகள் அதை வாலைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "ம்யா" என்று பெயரும் வைத்துவிட்டாள்.

பூனை வளர்ந்ததும் அதற்குக் கருத்தடை அறுவை செய்து எடுத்து வந்தோம். அடிவயிற்றில் முடியை மழித்து, நான்கு தையல் போட்டிருந்தார்கள். கால்நடை மருத்துவர் சொன்னது இதுதான்: "வெறும் தரையில படுக்க விடாதீங்கம்மா. தையல் மேல ஈரம், அழுக்கு படக்கூடாது. மெத்துன்னு எதுனா போட்டு வைங்க."

ஒரு பழைய துணியை மடித்துப் போட்டால் போதும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால் அதை இரண்டு மடங்காகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. படிக்கிற காலத்திலும் அப்படித்தான். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதி, அதிலும் எது விட்டுப்போனது என்று தேடுவேன். அதனால் ஒரு மெத்தையே தைப்பது என்று முடிவு செய்தேன்.

பூனை சுருண்டு படுத்திருக்கும்போது அளந்து பார்த்தேன். சரியாக எங்கள் வீட்டு தோசைக்கல் அளவு. தோசைக்கல்லையே துணிமேல் கவிழ்த்து, மகளின் கலர் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, நாலு விரல் கூட விட்டு வெட்டினேன். துணி கணவரின் பழைய லுங்கி. பஞ்சு அவருடைய பழைய தலையணையிலிருந்து. கழுத்து வலிக்கிறது என்று அவர் ஃபோம் தலையணைக்கு மாறிவிட்டதால் அந்த இலவம்பஞ்சுத் தலையணை பரணில் சும்மா கிடந்தது. கீழே ஒரு வட்டம், மேலே ஒரு வட்டம், சுற்றிலும் தலை வைத்துக்கொள்ள ஒரு நீள உருளை. கைத்தையல்தான்.

ஊசி விஷயத்தில் நான் எவ்வளவு கவனமானவள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மகள் தவழத் தொடங்கிய மாதமே வீட்டிலிருந்த குண்டூசி டப்பாவைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஊசி. அதையும் ஒரு முழச் சிவப்பு நூல் கோத்துத்தான் வைத்திருப்பேன். கை தவறி விழுந்தாலும் நூல் கண்ணில் படும் அல்லவா. அன்றைக்கு மெத்தை தைக்கும்போது எழுந்த ஒவ்வொரு முறையும் ஊசியை டப்பாவில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆனால் வட்டத்தையும் உருளையையும் நகராமல் பிடித்துக்கொள்ள ஏதாவது குத்த வேண்டுமே. குண்டூசி இல்லை. கை கழுத்துக்குப் போனது.

பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தாலிச் சங்கிலிதான் எங்கள் ஊக்கு டப்பா. பிளவுஸ் கொக்கி தெறித்தால் அங்கிருந்து ஒன்று. புடவை தோளில் வழுக்கினால் ஒன்று. குழந்தையின் ஜட்டி எலாஸ்டிக் விட்டுப்போனால், பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் கேட்டால், எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான். சில திரும்பி வரும், சில வராது. யார் வீட்டு ஊக்கோ நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊசி குத்தும், ஊக்கு மூடிக்கொள்ளும் என்பதால் அதற்கு நான் பயப்பட்டதே இல்லை.

சங்கிலியிலிருந்து கழற்றி வட்டத்தைச் சுற்றிலும் சம தூரத்தில் குத்தினேன். வட்டத்தை நான்காகப் பிரித்தேனா, ஐந்தாகப் பிரித்தேனா என்பது நினைவில்லை.

மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்து ஊதிக்கொண்டிருந்தாள். தைத்து முடிக்கிற இடங்களில் ஊக்கை எடுத்து என் மடியில் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. ஊசியை டப்பாவில் போட்டேன். டப்பாவை மேல்தட்டில் வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. எழுந்தபோது மடியில் கிடந்த ஊக்குகள் தரையில் விழுந்திருக்க வேண்டும். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. திரும்பி வந்தபோது மகளின் உதட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு மெத்தை தயார். கைக்குக் கிடைத்த ஊக்குகளைப் பொறுக்கி, எண்ணாமலேயே சங்கிலியில் மாட்டிக்கொண்டேன். பூனை அதன் மேல் ஏறி, முன்னங்கால்களால் மாறி மாறி மிதித்து, மூன்று சுற்றுச் சுற்றி, சரியாக உள்ளே அடங்கிப் படுத்தது. மகள் தரையில் படுத்து உருளையில் தலையை வைத்துக்கொண்டாள். அவள் மூக்கும் பூனையின் மூக்கும் தொட்டுக்கொண்டிருந்தன. போட்டோ எடுத்து கணவருக்கு அனுப்பினேன். 'எனக்கு எப்போ தைச்சித் தருவ?' என்று பதில் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று தோன்றியது. அந்தத் திருப்தி முக்கால் மணி நேரம் இருந்தது.

மகளைக் குளிப்பாட்டக் கூப்பிடும்போது புடவை தோளிலிருந்து நழுவியது. ஊக்கு எடுக்கக் கழுத்தில் கை வைத்தேன். விரலுக்குக் கொத்து சிறிதாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். நான்கு.

நாலுதானா இருந்தது?

அந்த நேரம் பார்த்து மகள் இருமினாள்.

சாதாரண இருமல்தான். ஒரே ஒரு முறை. ஆனால் நான் நழுவிய புடவையோடே அவளிடம் பாய்ந்தேன். அவள் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். அவள் கடித்தாள். தாடையெல்லாம் எச்சில் வழிந்தது. கடைவாய்ப் பல் முளைக்கும் நேரம், ஒரு வாரமாகவே எச்சில் வழிகிறது. அன்றைக்கு மட்டும் கூடுதலாக வழிந்ததா? போனில் தேடினேன். எச்சில் வழிவது, இருமல், சாப்பிட மறுப்பது என்று வரிசையாக இருந்தது. மத்தியானம் அவள் பாதிச் சோறுதான் தின்றாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. தினமும் பாதிதான் தின்பாள் என்பது நினைவுக்கு வரவில்லை.

அறையைக் கூட்டினேன். பாயை உதறினேன். கட்டிலுக்கு அடியில் கையால் தடவினேன். பஞ்சு பஞ்சாக வந்தது, ஊக்கு வரவில்லை. பூனையை மெத்தையிலிருந்து தூக்கிவிட்டு மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். இலவம்பஞ்சில் எதுவும் கைக்குத் தட்டுப்படாது, எல்லாமே உள்வாங்கிவிடும். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

கீழ்வீட்டு அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். "இன்னா கண்ணு, ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

சொன்னேன். அழாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"ஊக்கா? தெறந்ததா, மூடுனதா?"

"தெரியலக்கா."

"மொத்தம் எவ்ளோ வச்சிருந்த?"

"அதான் தெரியல. அஞ்சுன்னு நெனைக்கிறேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, வெள்ளிக்கெழமை மார்க்கெட் போற பஸ்ல என் கொக்கி தெறிச்சிச்சே. உன்கிட்டதான ஒண்ணு வாங்கினேன்?"

"ஆமா. திருப்பிக் குடுத்தீங்களா?"

"குடுத்த மாதிரிதான் இருக்கு." அவர் தன் கழுத்துக் கொத்தைப் பிடித்துப் பார்த்தார். அதில் ஏழோ எட்டோ இருந்தன. "இதுல எது உன்னுது, எது என்னுதுன்னு பேரா எழுதியிருக்கு?"

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் உள்ளே போய் ஒரு வாழைப்பழத்தை உரித்து மகள் கையில் கொடுத்துவிட்டார். "தின்னட்டும். எதுனா இருந்தா பழத்துல சுத்திக்கிட்டு கீழ எறங்கிடும்." எதையும் தின்னக் கொடுக்காதே என்று அப்போதுதான் போனில் படித்திருந்தேன். மகள் கடிப்பதற்குள் பழத்தைப் பிடுங்கினேன். அவள் வீறிட்டாள். அக்கா முகம் சுண்டிப்போனது.

"நானும் மூணு பெத்தவதாம்மா" என்றார்.

"இல்லக்கா, அது வந்து..." என்றேன். கையில் நசுங்கிய பழத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. வீறிட்டு அழுகிற குழந்தைக்குத் தொண்டையில் எதுவும் இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. அழும்போது ஊக்கு திறந்துகொண்டால் என்ன செய்வாய் என்று இன்னொரு மனம் கேட்டது.

கணவர் ஷிப்டு முடிந்து வந்து வண்டியை நிறுத்தும்போதே நான் வாசலில் செருப்போடு நின்றிருந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "ஏறு" என்றார். வில்லியனூர் ரோட்டில் அந்த நேரத்து நெரிசலைத் தாண்டி டவுனுக்குள் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. மகளை இருவருக்கும் நடுவில் உட்காரவைத்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் வயிற்றில் என் உள்ளங்கையை அழுத்தாமல் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவள் "ம்யா, ம்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பணி மருத்துவர் சின்னப் பெண். என்னைவிட நான்கைந்து வயது குறைவாகத்தான் இருப்பார்.

"எத்தனை மணிக்கு முழுங்குச்சு?"

"தெரியல."

"முழுங்குறத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்போ வாயில வச்சதப் பாத்தீங்களா?"

"இல்ல. பஞ்சுதான் இருந்தது."

"சரி, ஊக்கு காணாம போனது நிச்சயம்தான?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "அதுவும் தெரியலைங்க" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லாதான் இருக்கா. ஆனாலும் சந்தேகம்னு வந்துட்டா எடுத்துப் பாத்துடறது நல்லது" என்று எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார்.

"உலோகம் எதுனா இருந்தா எல்லாத்தையும் கழட்டிடுங்கம்மா" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். கொலுசு, வளையல், இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். எனக்குக் கதிர் படாமலிருக்கக் கழுத்தில் ஒரு கனமான மேலங்கி மாட்டிவிட்டார்கள். மகளின் கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் என்னையே பார்த்தாள். அழவில்லை.

வெளியே வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. சின்னச் சின்ன விலா எலும்புகள், மங்கலாக, கோழிக்குஞ்சின் எலும்பு போல. அவற்றின் நடுவே, நெஞ்சுக்குள், பளீரென்று வெள்ளையாக ஓர் ஊக்கு.

நான் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. கணவர் என் தோளைப் பிடித்ததும், குழந்தை என் கையிலிருந்து அவர் கைக்கு மாறியதும் தெரியும். ஊக்கின் தலை, சுருள், கம்பி எல்லாம் அவ்வளவு தெளிவாக இருந்தது. இதற்கு இனி ஆபரேஷன் செய்ய வேண்டும், அவ்வளவு சின்ன நெஞ்சைத் திறக்க வேண்டும், நான் ஒரு பூனைக்கு மெத்தை தைத்ததற்காக. அந்தச் சில நொடிகளில் நான் இவ்வளவும் நினைத்தேன்.

எக்ஸ்ரே எடுப்பவர் தலையை நீட்டினார். "அம்மா, கொழந்தை கவுனுல பின்னாடி ஊக்கு குத்தியிருக்கீங்களா?"

கணவர் மகளைத் திருப்பினார். கவுனின் ஜிப் அறுந்திருந்தது. அந்த இடத்தில் ஓர் ஊக்கு. மூடிய ஊக்கு. குத்தியது நான்தான், வேறு யார்?

கவுனைக் கழற்றிவிட்டு மறுபடியும் எடுத்தார்கள். கழுத்திலிருந்து அடிவயிறுவரை எதுவும் இல்லை. "ஒண்ணுமில்லம்மா, நிம்மதியா வீட்டுக்குப் போங்க. வாந்தி, இருமல் எதுனா இருந்தா உடனே வாங்க" என்றார் மருத்துவர். ரெண்டு தடவை எடுத்தது குழந்தைக்கு எதுவும் ஆகாதா என்று கேட்டேன். ஆகாது என்றார். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். எந்தப் படிவத்திலாவது என்னைப் பற்றி எழுதியிருப்பாரோ என்று இப்போதும் நினைப்பேன்.

வெளியே டீக்கடையில் நிற்கும்போது கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலையில கவுனுக்குக் குத்தியிருக்க. அதான் உன் அஞ்சாவது ஊக்கு. கணக்கு முடிஞ்சிது. கழுத்துல இன்னா ஹார்டுவேர் கடையா வச்சிருக்க?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மகளின் கவுனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஊக்கு இருந்த இடத்தில் துணியில் லேசான துருக்கறை. இரண்டு மூன்று துவைப்பு பார்த்த கறை. அப்படியானால் அந்த ஊக்கு திங்கட்கிழமை காலையில் என் கழுத்திலிருந்து வந்ததில்லை, முந்தின வாரத்திலிருந்தே கவுனிலேயே இருந்தது. இல்லை, கறை வேறொரு பழைய ஊக்கினுடையதாகவும் இருக்கலாம், அதை எடுத்துவிட்டு அன்று காலை புதிதாக ஒன்றைக் குத்தியிருக்கலாம். அவரிடம் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைத் தூங்கவைத்துவிட்டு, பூனை தூங்கிக்கொண்டிருந்த மெத்தையை உருவினேன். பூனை என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலையிலிருந்து போட்ட தையல் எல்லாவற்றையும் பிரித்தேன். பிடிப்பிடியாகப் பஞ்சை எடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்த பொம்மையால் தடவினேன். பஞ்சு பறந்து புருவத்திலும் ஈரத் தரையிலும் ஒட்டியது. காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. மறுநாள் பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை தடவினேன். அதற்கடுத்த நாளும்.

பூனை விழுங்கியிருந்தால்? தையலைப் பார்க்கக் கொண்டுபோனபோது மருத்துவரிடம் கேட்டேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நல்லா தின்னுது, நல்லா வெளிக்குப் போவுது. அதுக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் கொஞ்சம் தூங்குங்க" என்றார்.

இன்னொன்றும் செய்தேன். போனில் முந்தின வாரத்துப் போட்டோக்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் மூன்று ஊக்கு தெரிகிறது, மீதியைப் புடவை மறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஒன்றில் மகளின் கை என் சங்கிலியை மொத்தமாகப் பிடித்திருக்கிறது. விரல்களுக்கு நடுவே கம்பிகள் தெரிகின்றன. எத்தனை என்று சொல்ல முடியவில்லை.

கீழ்வீட்டு அக்காவிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். "போ பைத்தியம்" என்றார். மெத்தையை மெஷினில் ஒரே ஓட்டாக ஓட்டித் தருவதாகவும் சொன்னார். மெஷின் ஊசி சில நேரம் உடைந்து துணிக்குள்ளேயே தங்கிவிடும் என்று அவரே ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்னும் கொடுக்கவில்லை.

இப்போது என் கழுத்தில் ஒரு ஊக்கும் இல்லை. எண்ணாமலேயே சொல்லக்கூடிய கணக்கு அது ஒன்றுதான். துவைத்த மேலுறை அலமாரியில் இருக்கிறது. பஞ்சு ஒரு தலையணை உறைக்குள் வாய் கட்டிப் பரணில் இருக்கிறது. பூனைக்குத் தையல் ஆறிவிட்டது, ஆனால் அந்த ஒருநாள் சுகத்தை அது மறக்கவில்லை. மெத்தை இருந்த மூலைக்கே போய் வெறும் தரையை மாறி மாறி மிதித்துவிட்டுப் படுக்கிறது. மகள் பக்கத்தில் டைல்ஸில் படுத்து, உருளை இருந்த இடத்தில் தலையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். "மெத்த?" என்கிறாள். அவளுக்குப் புதிதாக வந்த சொல் அது. தினமும் கேட்கிறாள். நாளைக்கு என்று தினமும் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் தைக்கத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். மூன்று முறை காந்தம் தடவிய பஞ்சை நம்பி அந்த மெத்தையை மறுபடி தைக்கலாமா? அதில் என் குழந்தை தலை வைத்துப் படுப்பாள் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். இல்லை, பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பஞ்சுக்குள் கிடக்கும் ஒரு சின்ன ஊக்கைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரிந்த வேறு வழி இருந்தால் அதையும் தயவுசெய்து எழுதுங்கள். தைக்கும்போது துணி நகராமல் எதைக் கொண்டு பிடிப்பது என்பதையும் சேர்த்து.